ரத்தக்குழாயோட எலும்பு வெச்சா தான் ஃபியூஷன் ஒட்டுமாம், கேட்டுக்கோங்க

கரடுமுரடன்: பக்கத்து இழையில ஒருத்தர் "ரத்த ஓட்டத்தோட எடுத்த எலும்பு வெக்காத ஸ்பைன் ஃபியூஷன் எல்லாமே வேஸ்ட்"னு அடிச்சு விட்டிருக்காரு (ஃபியூஷன்னா முதுகெலும்புகள ஒண்ணா ஒட்ட வெக்கற ஆபரேஷன்). சர்ஜன்கள் ஆல்பீயும் ஹிப்ஸும் 1911லயே சாதா எலும்ப வெச்சு தான் ஃபியூஷன் பண்ணாங்க. கால்ல இருந்து ஃபிபுலாவ (முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கம் இருக்கற மெல்லிசு எலும்ப) உருவி, மைக்ரோஸ்கோப்ப வெச்சு ரத்தக்குழாய தைச்சுக்கிட்டு, டிஸ்க் தேஞ்ச எல்லாருக்கும் இதேவா?

மணிமாறன்: தைக்கணும்னு யாருங்க சொன்னா? ஸ்பைனஸ் ப்ராசஸ (நடு முதுகுல தொட்டா தட்டுப்படற எலும்பு முனைய) ஒட்டின தசையோட வெட்டி பக்கத்துலயே திருப்பி வெக்கலாம், தசை வழியா ரத்தம் வந்துட்டே இருக்கும். விலா எலும்பும் அப்படித்தான், சர்ஜன் பிராட்ஃபோர்ட் 1980லயே கூன் முதுகுக்குப் பண்ணி எழுதிட்டாரு. தைக்க வேணாம்.

கரடுமுரடன்: அந்தத் துண்டு எலும்பு பெரிய கேப்ப தாங்குமா? ஃபிபுலா தான் தாங்கும். அப்போ தைக்கணும்ல?

மணிமாறன்: சும்மா வெச்ச எலும்புல செல்லு பெரும்பாலும் செத்துடும், உடம்பு அத அரிச்சு எடுத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா புதுசு போடணும், அந்த இடைவெளியில தான் நீளமான கிராஃப்ட் (எடுத்து வெச்ச எலும்பு) உடையுது, உயிரோட இருக்கறதுன்னா சாதா எலும்பு முறிவு கூடற மாதிரி கூடிடும். ரேடியேஷன் வாங்கின இடம், இன்ஃபெக்ஷன் வந்த இடம், ஏற்கனவே கூடாமப் போன கேஸ், இங்கல்லாம் உங்க 1911 வந்து நிக்குமா? தைக்க வேணாம்ங்கறத மொதல்ல ஒத்துக்கங்க.

நிலா பிசியோ: ஃபிபுலா எடுத்தவங்க கால் கட்டைவிரல மடக்க முடியாம திணறுறத ரெண்டு பேரும் பாத்திருக்கீங்களா? கணுக்கால் ஆடக்கூடாதுன்னு கீழ ஒரு 6 செ.மீ. விட்டுட்டு தான் வெட்டுவாங்க, அப்படியும் வலிக்குதுன்னு வர்றாங்க. அதப் பத்தி ஒரு வரி கிடையாது.

மணிமாறன்: அக்கா அது ஃபிபுலா. நான் சொல்றதுக்கு காலையே தொட வேணாம். தைக்கவும் வேணாம்.

நிலா பிசியோ: அக்கான்னு கூப்பிட்டு கிளாஸ் எடுக்காதீங்க.

கரடுமுரடன்: இவரு போன மாசம் கேஜ் (டிஸ்க் இடத்துல வெக்கற சின்னக் கூண்டு) இழையிலயும் இதே தான், ஒரே வரிய பிடிச்சுக்கிட்டு எல்லாரையும் ஓட விட்டாரு. சாதா ஒரு லெவல் (பக்கத்து பக்கத்து ரெண்டு எலும்பு மட்டும்) ஃபியூஷனுக்கு இது எதுக்குன்னு கேட்டா மட்டும் பதிலே வராது.

மணிமாறன்: கேஜ் இழையில பாதியில ஓடினது யாருன்னு ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, போடவா? கேள்விய மாத்தாதீங்க. தைக்கணுமா வேணாமா?

கரடுமுரடன்: ஃபிபுலாவுக்கு தைக்கணும்.

மணிமாறன்: ஃபிபுலாவ யாரு கேட்டா??