அப்துல் ஹமீது அடித்த டாங்கிகள்: மூன்றா, ஏழா?

ஏட்டுப்புலி:
அப்துல் ஹமீது ஏழு, எட்டு டாங்கிகளை அடித்தார் என்கிறீர்கள். இந்தியத் தரைப்படையின் 4 கிரனேடியர்ஸ் பட்டாலியனைச் சேர்ந்த இந்தக் கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தாரின் பரம் வீர் சக்கர (போர்க்கள வீரத்துக்கான நாட்டின் உயரிய விருது) விருதுக் குறிப்பை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். 1965 இந்திய-பாகிஸ்தான் போர், செப்டம்பர் 10, பஞ்சாபின் கேம்கரண் பகுதி, சீமா கிராமத்துக்கு முன்னால். முதலில் வந்த பாகிஸ்தானின் பாட்டன் டாங்கியை அடித்தார், இடம் மாறி இன்னொன்றைக் கொளுத்தினார், அடுத்ததைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது குண்டு விழுந்து உயிர்விட்டார். இதில் ஏழு, எட்டு எங்கே இருக்கிறது?

சீமாரோடு:
அந்தக் குறிப்பு ஒரு காலைப்பொழுதை மட்டும்தான் சொல்கிறது. எட்டு மணிக்குத் தாக்குதல், ஒன்பதுக்குள் டாங்கிகள் முன்னணி நிலைக்குள் நுழைந்துவிட்டன. ஆனால் கேம்கரண் பகுதியில் நடந்த இந்த அசல் உத்தர் சண்டை 8-ம் தேதியே ஆரம்பம். விருதை அறிவித்தது 16-ம் தேதி, போர் நிற்கும் முன்பே. ஏழு என்பவர்கள் முந்தைய நாட்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். காகிதத்தில் இல்லை என்பதால் களத்தில் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

பின்வீச்சு:
எண்ணிக்கையை விடுங்கள், அவர் ஜீப்பில் வைத்துச் சுட்ட அந்த 106 மி.மீ. ஆர்.சி.எல். (பின்னுதைப்பு இல்லாத டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி) எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். துப்பாக்கி மட்டுமே இருநூறு கிலோவுக்கு மேல். குழாய் மேல், குறி சரிபார்க்க, அரை அங்குல ஸ்பாட்டிங் ரைஃபிள். சுடும் குமிழ் ஒன்றுதான்: வெளியே இழுத்தால் ஸ்பாட்டிங் தோட்டா போகும், பட்ட இடத்தில் வெள்ளைப் புகை தெரியும், தெரிந்ததும் குமிழை உள்ளே தள்ள வேண்டும், பெரிய குண்டு போகும். குறி கச்சிதம். ஆனால் வெடிவாயு பின்பக்கமாக வெளியேறும்போது மண்ணையும் பயிரையும் கிளப்பிவிடும். ஒரு குண்டு போட்டால் போதும், எல்லா டாங்கியும் நம்மைப் பார்த்துவிடும். ஜீப்புக்குக் கவசம் கிடையாது. நேராகப் படக்கூட வேண்டாம், பக்கத்தில் விழும் வெடிகுண்டின் சில்லு போதும். அதனால்தான் சுட்டதும் வண்டியை நகர்த்த வேண்டும். ஹமீது நகர்ந்தார், மறுபடி நின்று சுட்டார். மூன்றாம் தடவை சுடும்போது பாகிஸ்தான் டாங்கிக்காரர்கள் அவர் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஏட்டுப்புலி:
என் வாதத்துக்கே வலு சேர்த்திருக்கிறீர்கள். இப்படி ஒரு ஆயுதத்தில் எட்டு டாங்கியா?

பின்வீச்சு:
ஒரே மூச்சில் என்றால் நானும் நம்பமாட்டேன். கரும்புக் காட்டில் ஒளிந்து, கிட்டே வரவிட்டு, பக்கவாட்டில், இரண்டு மூன்று நாளில் என்றால் முடியும். பாட்டனின் பக்கவாட்டுக் கவசம் இந்தக் குண்டுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஏட்டுப்புலி:
முடியும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. அங்கே நம் டாங்கிப் படைப்பிரிவுகளான 3 கேவல்ரியின் செஞ்சூரியன் டாங்கிகள், டெக்கான் ஹார்ஸின் ஷெர்மன் டாங்கிகள், பட்டாலியனின் மற்ற ஆர்.சி.எல்.கள் எல்லாம் இருந்தன. வயலில் தண்ணீரைத் திறந்துவிட்டதால் சேற்றில் புதைந்து, ஆட்கள் இறங்கி ஓடிய டாங்கிகளும் உண்டு. எது யார் அடித்தது என்று இன்று எப்படிப் பிரிப்பது?

சீமாரோடு:
பிரிக்க முடியாது, சரி. ஆனால் பரம் வீர் சக்கரத்துக்கு டாங்கிக் கணக்கு நிபந்தனையே இல்லையே. எதிரியின் முன்னிலையில் தலைசிறந்த வீரம் அல்லது தன்னுயிர்த் தியாகம், விதி கேட்பது அதைத்தான்.

ஏட்டுப்புலி:
அதில் எனக்குச் சண்டையே இல்லை. 10-ம் தேதிக் கணக்கில் முந்தைய நாட்களைச் சேர்த்து எழுதாதீர்கள், அவ்வளவுதான். "ஏழு" என்று போடுகிறவர் எந்தத் தேதியில் எத்தனை என்றும் சேர்த்துப் போடட்டும்.