சவுக்குத் தோப்பு மணலில் புல்தரை: செம்மண் கொட்டுவதா, மணலையே பண்படுத்துவதா?

உப்பனாறு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அரியாங்குப்பத்திற்குக் கிழக்கே, கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள், முன்பு சவுக்குத் தோப்பாக இருந்த மனையில் வீடு கட்டி முடித்திருக்கிறோம். முன்புறத்தில் ஏறத்தாழ 1000 சதுர அடியில் கொரியன் புல் பத்தைகளை (அடிமண்ணோடு வெட்டி வரும் புல் துண்டுகளை) பதிக்க விரும்புகிறோம். மண் முழுக்க மணல்தான்; கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் நின்று பார்ப்பதற்குள் உள்ளே போய்விடுகிறது. புல் பதித்துத் தருவதாகச் சொன்ன ஒப்பந்தக்காரர், மணலின் மேல் அரையடிக்குச் செம்மண்ணைக் கொட்டி, உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்தி, மறுநாளே புல்லைப் பதித்துவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ செம்மண் வேண்டாம், ஏரி வண்டல்தான் நல்லது என்கிறார். இரண்டில் எது சரி, அல்லது வேறு வழி இருக்கிறதா? எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் சற்றே உப்புக் கரிக்கும், சோப்பு சரியாக நுரைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கெடிலக்கரை

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்தில் எங்கள் உறவினர் வீட்டில் செம்மண் கொட்டித்தான் புல் போட்டார்கள். இதுவரை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவர்கள் செம்மண்ணைப் போர்வையாகப் போர்த்தவில்லை. மணலோடு கொத்திக் கலந்த பிறகே பதித்தார்கள். உங்கள் ஒப்பந்தக்காரர் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நாற்றுப்பண்ணை

ஐயா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள சில விருந்தினர் விடுதிகளின் புல்தரைகளைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். கெடிலக்கரை சுட்டிய வேறுபாடுதான் இங்கே முக்கியமானது. நுண்மண்ணை மணலின் மேல் தனி அடுக்காகப் பரப்பினால், நீர் அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் தயங்கி நின்றுவிடும். செம்மண்ணில் உள்ள களியின் சிறு துளைகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால், கீழே மணலின் பெரிய துளைகளுக்குள் அது எளிதில் இறங்குவதில்லை. மேலடுக்கு முழுவதும் நீரால் நிரம்பிய பிறகே இறங்கத் தொடங்கும். பூந்தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் வடிகால் கூடும் என்று நம்பி, மண்ணை ஊறவே வைத்துவிடுகிறோமே, அதே விளைவுதான் இங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த அரையடியும் சேறாகிப் பூஞ்சணம் பிடிக்கும். சித்திரையில் அதே அடுக்கு ஓடு போல் இறுகும். வேர்களோ அந்த எல்லையைத் தாண்டாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்துவது இதை இன்னும் மோசமாக்கும்.

மணல் புல்லுக்கு எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். கோல்ஃப் திடல்களில் பந்தைக் குழியில் தள்ளும் பசும்பரப்புகளை, அமெரிக்க கோல்ஃப் சங்கம் வகுத்த முறைப்படி ஏறத்தாழ 30 செ.மீ. மணல் கலவையின் மேல்தான் அமைக்கிறார்கள். வடிகாலும் காற்றோட்டமும் மணலில் கிடைப்பதைப் போல் களிமண்ணில் கிடைக்காது. நம் மணலில் இல்லாதவை இரண்டு: நீரைத் தாங்கும் திறன், சத்தைப் பிடித்து வைக்கும் திறன். ஓரடி ஆழ மணலில் செடிக்குக் கிடைக்கும் நீர் முக்கால் அங்குல அளவுதான். நல்ல தோட்ட மண்ணில் அது இரு மடங்காவது இருக்கும். இந்த இரண்டு குறைகளையும் ஒருசேர நிரப்புவது மக்கிய உரமே தவிர மண் லாரி அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். சவுக்கு வேர்களை, விரல் பருமனுக்கு மேற்பட்டவற்றையாவது, தோண்டி எடுத்துவிடுங்கள்; விட்டுவைத்தால் மக்கும்போது தரை அங்கங்கே உள்வாங்கும், கரையானும் வரும். கட்டட வேலையில் மணலோடு கலந்துபோன சிமெண்டுக் கட்டி, செங்கல் துண்டு, சுண்ணாம்பு ஆகியவற்றையும் பொறுக்கிவிட வேண்டும். அவை மண்ணின் காரத்தன்மையை ஏற்றி, புல்லை மஞ்சளாக்கும். பிறகு, மேற்பரப்பில் இரண்டு அங்குலத்திற்கு நன்கு மக்கிய உரத்தைப் பரப்பி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்திற்கு மண்வெட்டியாலோ பவர் டில்லராலோ கொத்திக் கலக்க வேண்டும். 1000 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் என்பது சுமார் 167 கன அடி, அதாவது ஒன்றே முக்கால் யூனிட்டுக்குச் சற்றே குறைவு (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). அரையடிச் செம்மண் என்றால் 500 கன அடி, ஐந்து யூனிட். எதற்கு எவ்வளவு லாரி வாடகை என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

உரம் எது என்ற கேள்விக்கு, தொழு உரமும் நன்கு மக்கிய தென்னை நார்க்கழிவும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவையை நான் விரும்புகிறேன். நார்க்கழிவு நீரைப் பிடிக்கும், தொழு உரம் சத்தைத் தரும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலிருந்து வரும் பிரஸ்மட் (கரும்புச்சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் கழிவு) கிடைத்தால் அதுவும் நல்லதே; ஆனால் புதிதாக வந்ததைப் போட்டால் மண்ணுக்குள் சூடேறி வேரைப் பொசுக்கும். குவித்து நனைத்து, சூடு தணிந்து, பொலபொலவென்று மண்வாசனை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பெரியவர் சொன்ன வண்டலை நான் மறுக்கவில்லை. ஓர் அங்குலத்திற்கு மிகாமல், உரத்தோடு சேர்த்து மணலுக்குள் கலந்துவிட்டால் சத்துப் பிடிப்பு கூடும். தனியாக மேலே கொட்டினால் செம்மண்ணுக்குச் சொன்னதேதான் அதற்கும்.

உப்பனாறு

மிக்க நன்றி ஐயா. இரண்டு ஐயங்கள். எங்கள் ஊரில் மலிவாகக் கிடைப்பது கயிறு ஆலையிலிருந்து நேரடியாக வரும் நார்க்கழிவு, அதையே பயன்படுத்தலாமா? வண்டலில் கோரை வரும் என்று மனைவி அஞ்சுகிறார்.

நாற்றுப்பண்ணை

பச்சை நார்க்கழிவு வேண்டாம். அதில் கரிமம் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. மக்கும் வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு இழுத்துக்கொள்ளும், புல் வெளுத்து நிற்கும். பச்சை நார்க்கழிவில் கரிம–தழைச்சத்து விகிதம் நூறுக்கும் மேல். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைக்கும் முறையில் அது 25க்கு அருகில் இறங்கிவிடும். மட்டையைக் காயல் நீரில் ஊறவைத்து எடுத்த நார் என்றால் உப்பும் சேர்ந்தே வரும், அதைக் கழுவாமல் தொடவே கூடாது. மக்கியதை வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள்: கருத்திருக்க வேண்டும், பிழிந்தால் செந்நிற நீர் வரக்கூடாது.

கோரை பற்றி உங்கள் மனைவி அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஏரி வண்டலில் கோரைக்கிழங்கு இல்லாமல் வருவது அரிது. புல்தரைக்குள் ஒருமுறை வேர்விட்டால் பிறகு புல்லைச் சேதப்படுத்தாமல் எடுப்பது பெரும்பாடு. கலந்து முடித்த தரையைப் புல் போடாமல் மூன்று வாரம் வெறுமனே நனைத்து வாருங்கள். மறைந்திருக்கும் கோரை முளைத்து வரும். மணல் பொலபொலப்பாக இருப்பதால் கொத்தை வைத்து நெம்பினால் நூல் போன்ற வேரோடு கறுப்புக் கிழங்கும் முழுதாகக் கையோடு வந்துவிடும். களிமண்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. இரண்டாம் முறை முளைப்பதையும் எடுத்த பிறகு புல்லைப் பதிக்கலாம். அந்த நனைப்பில் தரையும் தானாக அமர்ந்துவிடும் என்பதால், உருளை ஓட்ட வேண்டிய வேலை பாதி மிச்சம்.

பாகூர் வயல்

மண்ணைப் பற்றி நண்பர் சொன்னதில் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. நீரைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். என் பார்வையில் உங்கள் முதல் செலவு உரத்திற்கு அல்ல, நீர்ப் பரிசோதனைக்கு.

நீரின் உப்பை மின் கடத்துதிறனாக, மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். 0.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. இடையில் இருந்தால் புல்வகையையும் பராமரிப்பையும் பொறுத்தது. வீட்டில் குடிநீருக்கு வைத்திருக்கும் டி.டி.எஸ். கருவியிலும் (நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டுவது) தோராயமாகப் பார்க்கலாம். 640 என்று காட்டினால் ஒரு டெசிசீமன்ஸ் என்று கொள்ளுங்கள். ஆனால் மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் எடுத்த அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள். மழைநீர் ஊறியிருக்கும்போது கரையோரக் கிணறுகள் இனித்துக் காட்டும், வைகாசியில் அதே கிணறு வேறு முகம் காட்டும். கோடையில் எடுத்த அளவே உண்மையான அளவு. மண்ணையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால், கடலூரில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. உங்களுக்கு அருகில் குரும்பாப்பட்டில் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே விசாரித்துப் பாருங்கள்.

உப்பு நடுத்தரமாக இருந்தால் கொரியன் புல் தாங்கும். அதைவிட மிகுந்தால் அருகம்புல் வகையான பெர்முடாவும், அதற்கும் மேல் போனால் கடற்கரைப் பாஸ்பாலமும்தான் நிற்கும். கடற்கரைப் பாஸ்பாலம் இயல்பாகவே உவர்நிலத்துப் புல். மணலில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: உப்பு எவ்வளவு விரைவாகச் சேர்கிறதோ அவ்வளவு விரைவாக அதை அடித்து இறக்கவும் முடியும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, புல் வேர்பிடித்த பிறகு இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால் உப்பு வேர்ப்பகுதிக்குக் கீழே போய்விடும். மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்க்க வசதி இருந்தால், முதல் சில வாரங்களுக்காவது அந்த நீரைப் பயன்படுத்துங்கள். புதிதாக வெட்டுண்ட வேர்தான் உப்புக்கு முதலில் அஞ்சும்.

இன்னொன்று. உங்கள் மணலில் கிளிஞ்சல் துண்டுகள் கண்ணில் பட்டால் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்று பொருள். அங்கே புல் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் யூரியாவை அள்ளி வீசாதீர்கள். அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளித்தால் போதும். நடைபாதைக் கல்லில் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துத் தெளியுங்கள்.

உப்பனாறு

பரிசோதனைக்கு நாளையே நீரைக் கொடுக்கிறேன் ஐயா. பதிக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை இருந்தால் சொல்லுங்கள். புரட்டாசியில் பதிக்கலாம் என்று எண்ணுகிறோம்.

நாற்றுப்பண்ணை

ஆவணியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அக்கினி நட்சத்திர வெயில் போய், மாலை மழை எட்டிப்பார்க்கும் காலம் அது; வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடிக்க வேண்டிய அவகாசமும் கிடைக்கும். வேர் பிடிக்காத புல்லின் மேல் பெருமழை கொட்டினால் பத்தைகளுக்கு அடியிலுள்ள மணல் அரித்துக்கொண்டு போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் பெய்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆவணி தவறினால் தை வரை பொறுப்பது மேல்.

மட்டம் பார்க்கும்போது வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறம் நோக்கி, நூறு அடிக்கு ஒன்று முதல் இரண்டு அடி வீதம் சரிவு இருக்கட்டும். பண்படுத்திய மண், நடைபாதைக் கல்லின் விளிம்புக்கு ஓர் அங்குலம் தாழ்ந்தே நிற்க வேண்டும். பத்தையின் கனம் அதை நிரப்பிவிடும். கடைசிச் சமன்படுத்தலுக்கு முன் 1000 சதுர அடிக்கு மூன்று கிலோ சூப்பர் பாஸ்பேட்டைத் தூவி மேல்மண்ணில் கிளறிவிடுங்கள். யூரியா இப்போது வேண்டாம், மணலில் அது வேருக்குக் கிடைப்பதற்குள் நீரோடு போய்விடும். பின்னாளில் போடும்போதும் ஒரே தடவையாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுங்கள்.

பத்தைகள் பெரும்பாலும் களிமண் வயலில் வளர்ந்து, அந்த மண்ணோடு வெட்டப்பட்டு வருபவை. அடியில் ஓர் அங்குலத்திற்கு மேல் களி ஒட்டியிருந்தால் மேலே சொன்ன அடுக்குச் சிக்கல் சிறிய அளவில் திரும்ப வரும். ஆகவே மெல்லிய மண்ணோடு வெட்டித் தரச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள். வந்த அன்றே பதித்துவிட வேண்டும், அடுக்கி வைத்தால் உள்ளே வெந்து மஞ்சளாகிவிடும். பதிக்கும் மண்ணை முன்பே நனைத்து, செங்கல் கட்டுவதைப் போல் இணைப்புகள் நேர்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு பகுதியும் முடிந்தவுடன் நீர் விட வேண்டும். முதல் இரண்டு வாரம் பத்தையும் அதற்குக் கீழே இரண்டு அங்குல மணலும் காயாமல் இருந்தால் போதும். ஒரு மூலையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். எழும்பாமல் இழுத்துப் பிடித்தால் நீர் இடைவெளியைக் கூட்டலாம், முதல் வெட்டும் அதற்குப் பிறகுதான்.