அப்பாவின் 12 அங்குல ஸ்பீக்கர்களை வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா?

திருநகர்க்காரன்:
சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தந்தையார் 1982இல் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த, ஜப்பானில் செய்யப்பட்ட ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் நிற்கின்றன. தாழ்ந்த ஒலிக்கு 12 அங்குல வூஃபர், அதற்கு மேல் ஒரு நடுத்தர ஸ்பீக்கர், உச்ச ஒலிக்கு ஒரு ட்வீட்டர், முன்பக்கத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திருகுகள். பெட்டி முழுவதும் அடைத்தது, பின்புறம் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. வூஃபரைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரம் தொட்டாலே சாம்பலைப் போல உதிர்கிறது. இடப்பக்கத்து ட்வீட்டர் பாடுவதே இல்லை. அடுத்த மாதம் காளவாசல் பக்கம் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறோம். பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து 800 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அம்மாவுக்குக் கொடுக்க மனமில்லை, தம்பிக்கு வைத்திருக்க மனமில்லை. விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

வைகைக்கரையான் (வைகையின் கரையில் வசிப்பவன் என்று பொருள், பெட்டியை அரிப்பவன் அல்லன்):
ஐயா, உதிர்வது ஸ்பீக்கரின் உயிர் அன்று, அதன் ஓரம் மட்டுமே. 1954இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர், அடைத்த பெட்டிக்குள் சிக்கிய காற்றையே சுருள்வில்லைப் போலப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அம்முறையில் கோனை, அதாவது முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பை, இறுக்கிப் பிடிக்காத மெல்லிய ஓரம் தேவைப்பட்டது. பின்னாளில் பல நிறுவனங்கள் அதற்குப் பாலியுரேத்தேன் நுரையைப் பயன்படுத்தின. காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் அந்த நுரையைச் சிதைத்துவிடும் என்பதால், பாட்டே போடாமல் பொத்திவைத்திருந்தாலும் 15, 20 ஆண்டுகளில் அது உதிரத்தான் செய்யும். துணி ஓரமோ ரப்பர் ஓரமோ இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

முதலில் ஒன்று செய்யுங்கள்: ஓரம் கிழிந்த நிலையில் பாட்டுப் போடுவதை நிறுத்துங்கள். கோனை நடுவில் நிறுத்துவதில் ஓரத்துக்கும் பங்கு உண்டு; அது போனால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் காந்தத்தின் இடைவெளியில் உரசித் தேய்ந்துவிடும், அதன் பிறகு செலவு பல மடங்காகும். கோனை இரு பக்கமும் விரல்களால் சமமாக அழுத்திப் பாருங்கள். கரகரவென்ற ஒலி இல்லையென்றால் காயில் நலமாக இருக்கிறது. மல்டிமீட்டரில் 8 ஓம் வூஃபர் ஏறத்தாழ 6 அல்லது 7 ஓம் காட்டினால் போதும், அதைக் குறை என்று எண்ண வேண்டாம். இவ்விரண்டும் சரியாக இருந்தால், அளவுக்கேற்ற நுரை வளையத்தை இணையவழியில் வாங்கி, பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டலாம். ஒரு விடுமுறை நாள் போதும். பசை காய மறுநாள் வரை விட்டுவிடுங்கள்.

ட்வீட்டரையும் அவ்வாறே மீட்டர் வைத்துப் பாருங்கள். அதன் காயில் நலமாக இருந்தும் ஒலி வரவில்லை என்றால், ஒலியைப் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள கண்டென்சர் உலர்ந்திருக்கலாம். அதே மைக்ரோஃபேரட் அளவில் இரு பெட்டிகளிலும் சேர்த்தே மாற்றுங்கள். அதற்கும் முன்னால், முன்பக்கத் திருகுகளைக் கடைசி வரை இப்படியும் அப்படியும் ஒரு இருபது முறை திருகிப் பாருங்கள். உள்ளே களிம்பு பிடித்திருப்பதே பல வீடுகளில் காரணமாக இருக்கிறது.

எளியகாது:
நான் சற்று மாறுபடுகிறேன். பழையது என்பதாலேயே ஒன்று இனிமையாகிவிடாது. பெட்டியின் கொள்ளளவுக்கும் வூஃபரின் குணத்துக்கும் உள்ள உறவை நெவில் தீல் 1961இலும் ரிச்சர்டு ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் கணக்காக்கித் தந்தார்கள். அன்று ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர்கள் செய்ததை இன்று சிறிய நிறுவனமும் கணினியில் செய்கிறது. சிறிய அறையில், மொசைக் தரையில், சுவரை ஒட்டி 12 அங்குலப் பெட்டியை வைத்தால் தாழ்ந்த ஒலி குமுறும். பாட்டின் சொல் கேட்காது. சோபாவுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் அம்மாவிடம் கேளுங்கள்.

ஆயினும் ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். அத்தகைய பெரிய பெட்டிகள் பலவற்றின் உணர்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு எழும் சத்தம், 90 டெசிபல் அளவில் இருக்கும். 84 டெசிபல் உள்ள சிறிய பெட்டி அதே சத்தத்தைத் தர நான்கு மடங்கு வாட் கேட்கும்.

மேலூர் மைக்செட்:
திருவிழாக்களுக்குப் பெட்டி கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. எங்களைப் போன்ற கடைகளில் இந்த வூஃபரைக் கொடுத்தால், பெரும்பாலும் ஓரத்தை மட்டும் மாற்றமாட்டார்கள். "கோன் கட்டித் தருகிறோம்" என்று முழுவதையும் பிரித்துவிடுவார்கள். நாங்கள் போடுவது மடிப்பு ஓரம் கொண்ட விறைப்பான கோன். கோயில் திடலில் தூரம் போய்ச் சேரும் சத்தத்துக்கு அது பொருந்தும். அடைத்த வீட்டுப் பெட்டிக்குள் தாழ்ந்த ஒலியே எழாமல் செய்துவிடும். எங்கள் உறவினர் ஒருவர் அப்படிக் கட்டிக்கொண்டு வந்தபின், வீட்டில் பஞ்சாயத்து அறிவிப்புக் கேட்பதுபோல் இருக்கிறது என்று வருந்தினார். நுரை வளையம் மட்டுமே வேண்டும் என்று சொல்லி, பழைய கோனைக் கையில் திருப்பி வாங்காமல் வராதீர்கள்.

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள். கரையான் அரித்திருந்தாலோ, மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பியிருந்தாலோ யோசிக்க வேண்டாம், கொடுத்துவிடலாம். பலகை உறுதியாக இருந்தால் 800 ரூபாய்க்குக் கொடுக்காதீர்கள். ஃபெரைட் காந்தத்துக்கு எடைக்கடையில் மதிப்பில்லை, காயிலில் உள்ள செம்பு சில கிராம்தான். அப்படியிருந்தும் அவர் 800 தருகிறார் என்றால், உடைக்கவா வாங்குகிறார்?

திருநகர்க்காரன்:
அனைவருக்கும் நன்றி. வூஃபர்களைக் கழற்றி வைத்துவிட்டு, வானொலியை மிகத் தாழ்வாக வைத்துத் திருகுகளை இருபது முறை அல்ல, ஐம்பது முறை திருகினேன். இடப்பக்கத்து ட்வீட்டர் முதலில் செருமியது, பிறகு தெளிவாகப் பாடியது. அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். இரு வூஃபர்களும் 6.4 ஓம் காட்டுகின்றன, உரசல் இல்லை, அடிப்பலகை உறுதியாக இருக்கிறது. எளியகாது சொன்ன இட நெருக்கடி உண்மைதான். சோபாவை அக்கா வீட்டுக்கு அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நுரை வளையத்துக்கு அளவெடுக்கையில் சட்டத்தின் உள்விட்டத்தை எடுப்பதா, கோனின் வெளிவிட்டத்தை எடுப்பதா?

வைகைக்கரையான்:
இரண்டையும் எடுங்கள். ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாத வளையத்தை வாங்கி நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.