ஹோட்டன் சமவெளி: சின்னப் பிள்ளைகளோடும் அம்மாவோடும் உலக முடிவு வரை நடக்கலாமா?

மட்டுநகர்வாசி:
தை மாதக் கடைசியில் நுவரெலியாவில் இரண்டு இரவு தங்குகிறோம். அதில் ஒரு நாள் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு, அங்கே உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பு வரை நடந்து சுற்றி வர. பிள்ளைகளுக்கு 6, 10 வயது. அம்மாவுக்கு 67, கொஞ்சம் முழங்கால் நோ இருக்கிறது. முழுச் சுற்றும் இவர்களால் ஏலுமா? என்னென்ன கொண்டு போகலாம்? காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு 8 மணிக்கு வெளிக்கிட்டால் போதும் என்கிறார் வான்காரர்.

ஊவாக்காற்று:
8 மணிக்கு வெளிக்கிட்டால் உலக முடிவில் வெறும் புகாரைத்தான் பார்ப்பீர்கள். வெயில் ஏற ஏறக் கீழ்நாட்டு ஈரக்காற்று சூடாகி, அந்தச் செங்குத்துச் சரிவோடு மேலே வரும். விளிம்பை எட்டும்போது குளிர்ந்து மேகமாகிவிடும். அதனால்தான் 9, 10 மணிக்குப் பிறகு அநேகமாக ஒன்றும் தெரியாது. தை, மாசி நல்ல காலம், ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது.

நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதை. 4.45க்கு வெளிக்கிடுங்கள். 6 மணிக்கு வாசல் திறக்கும். ரிக்கற் எடுத்து, நடைபாதை தொடங்கும் ஃபார் இன்னில் வானை விட்டு, பைகளைக் காட்டிவிட்டு 6.45க்கு நடக்கத் தொடங்கினால் 6 வயதுப் பிள்ளையோடும் 8.45க்குள் உலக முடிவில் நிற்கலாம். பாதை பிரியும் இடத்தில் சிறிய உலக முடிவுப் பக்கம் (உலக முடிவுக்கு முன் வரும் இன்னொரு விளிம்பு) முதலில் போங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி திரும்பி வரும்போது. அருவி எந்த நேரமும் தெரியும். பலர் இதை மாற்றிச் செய்துதான் ஏமாறுகிறார்கள். முழுச் சுற்று சுமார் 9 கிலோமீட்டர், பிள்ளைகளோடு நான்கு மணி நேரம்.

பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள். பிஸ்கட் பைக்கற்றைப் பிரித்துக் கடதாசிப் பையில் போடச் சொல்வார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளையும் கழற்றுவார்கள். முதல் நாள் இரவே ரொட்டியையும் சம்பலையும் மூடியுள்ள பெட்டியில் வைத்துவிட்டால் அங்கே மினக்கெட வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு லீட்டர் தண்ணீர் போதும்.

மலைநாட்டான்:
நேரம் சரி. ஆனால் அம்மாவை முழுச் சுற்றுக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம் செங்குத்து. படியும் வேரும் ஈரக் களிமண்ணும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைத் தாக்கும். சிறிய உலக முடிவு வரை போய் வந்த வழியே திரும்பினால் ஏறக்குறைய பாதித் தூரம்தான், பள்ளத்தாக்கும் கண் நிறையத் தெரியும். பெரியவர் ஒருவர் அவரோடு திரும்பட்டும், தனியே விடாதீர்கள். ஒரு கைத்தடி கட்டாயம்.

செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள சப்பாத்து. தை மாத விடியலில் புல்லில் உறைபனி படியும், இரண்டு மணி நேரத்தில் வெயில் சுடும். ஆகவே தடித்த ஒரு சுவெட்டரைவிட மெல்லிய இரண்டு மூன்று உடுப்பு நல்லது. பிள்ளைகள் நடந்து வியர்த்த பின் விளிம்பில் காற்றில் நின்றால் குளிர் பிடிக்கும். அங்கே போனதும் உள்பெனியனை மாற்றிவிடுங்கள். 2,100 மீட்டர் உயரம், வெயில் தோலைச் சுட்டுவிடும். தொப்பி மறக்க வேண்டாம்.

மட்டுநகர்வாசி:
மிக்க நன்றி. 6 வயதுக்காரன் ஒரு இடத்தில் நிற்கமாட்டான். விளிம்பில் வேலி இருக்கிறதா?

ஊவாக்காற்று:
வேலியை நம்பிப் போகாதீர்கள். உலக முடிவில் சுமார் 870 மீட்டர் பள்ளம். சிறிய உலக முடிவுக்குக் கிட்ட வரும்போதே கையைப் பிடித்துவிடுங்கள், அங்கே பாதை திடீரென்று விளிம்பில் திறக்கும். படம் எடுப்பவர் ஒருவர், பிள்ளையைப் பிடிப்பவர் இன்னொருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது. பேக்கரில் தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள். ஃபார் இன் பக்கம் மரை கிட்ட வரும், தீன் போட வேண்டாம். கழிப்பறைக்கு அங்கேயே போய்விட்டு நடையைத் தொடங்குங்கள்.

மலைநாட்டான்:
அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் யாராவது கூட இருந்தால் அவர்களுக்குக் கட்டணம் வேறு.