நூலக அட்டை கவுன்டரில் ஓடுகிறது, செயலியில் ஓடவில்லை

பொது நூலக அட்டை வாங்கி மூன்று வாரம் ஆகிறது. கவுன்டரில் பார்கோடைக் காட்டினால் புத்தகம் தருகிறார்கள். நேற்றுகூட இரண்டு எடுத்தேன். மின்னூல் செயலியில் மட்டும் 'அட்டை எண் செல்லாது' என்று வருகிறது.

எண் 14 இலக்கம், 2-இல் தொடங்குகிறது. இடைவெளி விட்டும் விடாமலும் அடித்துப் பார்த்தேன். ரகசிய எண்ணை மாற்றினேன், செயலியை நீக்கி மறுபடி போட்டேன், அப்புறம் வேறு போனிலும் முயன்றேன். அபராத பாக்கி கிடையாது. நூலகத்தில் கேட்டால், "எங்களுக்குச் சரியாகத்தானே காட்டுகிறது" என்று திரையைத் திருப்பிக் காட்டுகிறார்கள். அங்கே சரிதான், எனக்கல்லவா திறக்கவில்லை!

அந்தத் திரையில் ஒன்று கண்ணில் பட்டது: 'உறுப்பினர் வகை: தற்காலிகம்'. முகவரிச் சான்றை முதல் நாளே கொடுத்துவிட்டேன்.

தற்காலிக அட்டைக்கு மின்னூல் வசதியை மட்டும் நிறுத்தி வைப்பார்களா?