ஸ்கேன் படத்தில் தெரிவது அசல் நரம்புதானா?

வெண்ணாற்றங்கரை:
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வலது கை இன்னும் எழவில்லை. தஞ்சாவூரில் எடுத்த எம்ஆர்ஐயில் மூளைக்குள் சிவப்பு, பச்சை, நீல நூல்களாக ஒரு படம் இருக்கிறது. அவை உண்மையான நரம்புகளா?

குடந்தை ரேடியோகிராபர்:
இல்லை தம்பி, கணக்குப் போட்டு வரைந்த கோடுகள். நீர் மூலக்கூறுகள் நரம்பிழையின் நெடுக எளிதாக நகரும், குறுக்கே தடைபடும். அந்த நகர்வைத்தான் கருவி அளக்கிறது. 1994இல் பீட்டர் பாசர் என்ற ஆய்வாளரின் குழு கொடுத்த கணக்குமுறை இது. வழக்கமாக நீலம் மேல்கீழ், சிவப்பு இடவலம், பச்சை முன்பின். அப்பாவின் வலது கைக்கு இடது மூளையிலிருந்து இறங்கும் நீலக் கற்றையைப் பாருங்கள்.

திருவையாற்றுக்காரி:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நம்மூரில் ஒரு வாய்க்கால் இன்னொன்றின் அடியில் கடந்துபோகுமே, அப்படி இழைகள் குறுக்கிடும் இடத்தில் இந்தக் கணக்கு தடுமாறும். படத்தின் ஒரு சிறு கட்டம் சுமார் 2 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் ஆயிரக்கணக்கான இழைகள். செய்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் தெரியாது. அதனால் கோடு மெலிந்திருந்தால் உடனே பயந்துவிடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
நீலம் மெலிந்துதான் இருக்கிறது அக்கா, ஆனால் அறுபடவில்லை. நேற்று கட்டைவிரல் லேசாக அசைந்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் இரண்டையும் சொல்கிறேன்.