ஃபீனிக்ஸில் ஐந்து நாள்: தூண்டில் எங்கே போடலாம்?

மணிமுத்தாறு:
டிசம்பர் 24 முதல் ஐந்து நாள் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சாண்ட்லரில் தங்குகிறோம். நான், மனைவி, 8 வயதுப் பையன். கார் உண்டு, படகு இல்லை. பையன் கையால் ஒரு மீனாவது ஏறணும். சகுவாரோ ஏரிக்குப் போகச் சொல்கிறார்கள், சரியா? உரிமம் எது வாங்குவது? ஊரிலிருந்து 0.40 மி.மீ. தூண்டில் நரம்பும் கெளுத்தி முள்ளும் எடுத்து வரவா?

தக்கைக்காரன்:
சகுவாரோ அழகான ஏரிதான். ஆனால் டிசம்பரில் அங்கே கரையிலிருந்து மீன் எடுப்பது பொறுமைக்காரர்கள் வேலை. பாஸ் மீன் ஆழத்துக்குப் போய் மந்தமாகிவிடும். போதாததற்கு, ஏரி இருக்கும் டோன்டோ வனப்பகுதியின் நாள் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போகணும்.

உங்களுக்கு ஏற்றவை நகரப் பூங்கா ஏரிகள்தான். மாநில வனவிலங்கு-மீன்வளத் துறை நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை இவற்றில் ரெயின்போ டிரவுட் விடுகிறது. குளிர்நீர் மீன் என்பதால் கோடையில் இங்கே பிழைக்காது. சாண்ட்லரிலேயே வெட்டரன்ஸ் ஒயாசிஸ், டெசர்ட் பிரீஸ், பக்கத்தில் கில்பர்ட்டில் வாட்டர் ராஞ்ச், மேசாவில் ரெட் மவுண்டன். விமான நிலையத்துக்குப் பக்கம் வேண்டுமென்றால் பாப்பகோ குளங்கள். வாட்டர் ராஞ்சில் ஏரியில் மட்டும் போடுங்கள், ஒட்டியுள்ள பறவைக் குளங்களில் வேண்டாம்.

உரிமத்தில்தான் பலர் காசை விடுகிறார்கள். வெளியூர்க்காரருக்கு ஒரு நாள் உரிமம் 20 டாலர். அதுவே நகர ஏரிகளுக்கு மட்டுமான 'கம்யூனிட்டி' உரிமம் 24 டாலர், ஓராண்டு செல்லும், உள்ளூர் வெளியூர் பேதமில்லை. இரண்டு நாள் போடுவதாக இருந்தாலே இரண்டாவதுதான் லாபம். சகுவாரோவுக்கு அது செல்லாது. 10 வயதுக்குக் கீழே உரிமம் தேவையில்லை. மனைவி தூண்டிலைப் பிடித்தால் அவருக்கும் தனி உரிமம் வேண்டும். துறையின் தளத்தில் வாங்கலாம், வாங்கும் அன்று கட்டணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமம் உள்ளவருக்கு நகர ஏரிகளில் நாளுக்கு டிரவுட் 4, கெளுத்தி 4. சில ஏரிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு, கரையில் உள்ள பலகையைப் படியுங்கள். உயிரோடு மீனை எடுத்துப் போகவே கூடாது.

ஈயக்குண்டு:
நரம்பை ஊரிலேயே வைத்துவிட்டு வாங்க. 0.40 என்பது ஏறக்குறைய 20 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பு. தெளிந்த நீரில் டிரவுட் அதைப் பார்த்ததும் விலகிவிடும். 4 பவுண்டு, அதாவது 0.20 மி.மீ. அளவு போதும். 6 அடி லைட் ஸ்பின்னிங் கம்பு, 10-ஆம் எண் முள், 7 கிராம் துளை ஈயம், நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கச் சிறு சுழலி. எல்லாமே அங்கே வால்மார்ட்டில் கிடைக்கும்.

நரம்பை ஈயத்தின் துளைக்குள் விட்டுச் சுழலியில் கட்டுங்கள். சுழலிக்கு மறுபுறம் 45 செ.மீ. நரம்பு, அதன் நுனியில் முள். பவர்பெயிட் என்ற கடை இரை மாவைப் பட்டாணி அளவு உருட்டி முள் முழுதும் மறையும்படி பொத்துங்கள். இந்த மாவு மிதக்கும். ஈயம் தரையில் கிடக்க, இரை அரை மீட்டர் உயரத்தில் நிற்கும். வீசுவதற்கு முன் காலடி நீரில் விட்டுப் பாருங்கள். மிதக்கவில்லை என்றால் முள் பெரிது அல்லது மாவு குறைவு. "ஒன்றுமே கடிக்கவில்லை" என்பவர்களில் பாதிப் பேருக்கு இரை பாசிக்குள் புதைந்துதான் கிடக்கிறது. இன்னொன்று, மெல்லிய நரம்புக்கு ரீலின் பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்தால் முதல் இழுப்பிலேயே அறுந்துவிடும்.

விடிந்ததும் போங்கள், 7 டிகிரி குளிர் இருக்கும், பையனுக்கு ஸ்வெட்டர் முக்கியம். மீன் விட்ட சில நாள்வரை கரையோரமே சுற்றும். அதன்பின் நீரூற்று, தண்ணீர் விழும் இடம், ஆழம் என்று தேடணும். மீன் விடும் அட்டவணையைத் துறையே வெளியிடுகிறது, அதைப் பார்த்து ஏரியைத் தேர்ந்தெடுங்கள்.

மணிமுத்தாறு:
நன்றி அண்ணா. மைத்துனர் ஜூலையில் வருகிறார். அவருக்கும் இதே ஏரிகள்தானா?

தக்கைக்காரன்:
ஜூலையில் பகல் வெயில் 42 டிகிரி. டிரவுட் பேச்சே வேண்டாம். நகர ஏரிகளில் நடுக்கோடையில் புதிதாக மீன் விடுவதும் நின்றிருக்கும். சூரியன் இறங்கியபின் கெளுத்திக்குப் போகச் சொல்லுங்கள்: பார்ட்லெட், ரூஸ்வெல்ட், சகுவாரோ ஏரிகள். உங்கள் கெளுத்தி முள்ளும் 0.40 நரம்பும் அங்கேதான் உதவும். ஆனால் 24 டாலர் உரிமம் போதாது.

ஆழம்தான் குளிர்ச்சி என்று 60 அடிக்கு இரை இறக்குவது வீண். கோடையில் மேல் சூடுநீரும் கீழ்க் குளிர்நீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும், அடியில் மீனுக்கு மூச்சுக்காற்றே இராது. 15–25 அடி போதும்.

ஈயக்குண்டு:
பழங்குடியினர் நிலத்து நீரில் மாநில உரிமம் செல்லாது, அவர்கள் அனுமதி தனி. சால்ட் ஆற்றோரம் போகிறவர்கள் வரைபடத்தில் எல்லையைப் பாருங்கள். சால்ட் ஆற்று ஏரிகளில் பொன்பாசி என்ற நச்சுப் பாசி பெருகி மீன் சாவதும் உண்டு. செத்து மிதப்பதை எடுத்துக் குழம்பு வைத்துவிடாதீர்கள்.